பாதிச் சீட்டு

ஹோர்ஷெலில், வெர்ரா ஆற்றங்கரையில்
வழக்கப்படி கைத்தடியை நனைத்தேன்.
வழக்கப்படி ஒரு கூழாங்கல்லை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன்.
நூற்றெழுபது கிலோமீட்டர் காட்டைத் தாண்டி
வேறொரு ஆற்றில் அதைப் போட வேண்டும்.
ஸென்டா தன் பங்குக்கு
தகவல் பலகையின் காலடியில் குந்தி நனைத்தாள்.

ஒரே மூச்சில் போகிறவர்களுக்கு ஆறேழு நாள்.
நான் துண்டு துண்டாக நடப்பவள்.
டிராம் டிப்போ சனிக்கிழமை விடுப்புத் தர வேண்டும்,
அந்த வாரம் நாயும் என் முறையில் இருக்க வேண்டும்.

பிரிந்தபோது இன்கோல்ஃபும் நானும்
சோபாவுக்குச் சண்டை போடவில்லை.
நாயைத்தான் வாரக் கணக்கில் பங்கு பிரித்தோம்.
ஞாயிறு மாலை ஆறு மணிக்கு
ஏர்ஃபுர்ட் ரயில் நிலையத்தின் பின்வாசலில் கைமாறுவாள்,
முதுகில் அவளுடைய சின்னப் பையோடு:
தடுப்பூசிப் புத்தகம், காது மருந்து, கடித்துக் குதறிய பந்து.
எங்களுக்குள் மிஞ்சிய பேச்சு
அவள் வயிற்றைப் பற்றியது மட்டும்.
"இறுகலா?"
"பரவாயில்லை."

பாதை நெடுக மரங்களில் வெள்ளை எழுத்து வழிகாட்டும்,
மரம் இருக்கும்வரை.
வண்டு தின்ற ஸ்ப்ரூஸ்களை வெட்டிவிட்டார்கள்,
மலைச்சரிவு முழுக்க அடிக்கட்டைகள்.
அடையாளத்தை ஒரு கம்பத்தில் ஆணியடித்திருந்தார்கள்.
ஒவ்வொரு கட்டையாக மோந்து பார்த்துவிட்டு
எழவு வீட்டில் யாரிடம் கேட்பது என்று தெரியாதவள் போல
ஸென்டா நின்றாள்.
அன்று வெயில். தண்ணீரை அவளுக்கே கொடுத்தேன்.

ஒவ்வொரு துண்டும் ஒரு பேருந்து நிறுத்தத்தில் முடியும்.
"வாய்க்கூடு மாட்டுங்கள். நாய்க்குப் பாதிச் சீட்டு."
ஏழு மணி நேரம் கோத்ததை
நாற்பது நிமிடத்தில் உருவிப்போடும் அந்தப் பேருந்து.
ஜன்னலில் என் சனிக்கிழமை பின்னோக்கி ஓடும்,
என் காலணிமேல் அவள் தலை கனக்கும்.

பதினோராம் துண்டு.
ஸ்பெக்ட்ஸ்புருன் தாண்டி,
ஒரு காலத்தில் எல்லைவேலி ஓடிய இடம்.
இப்போது பிர்ச் கன்றுகள்.
திடீரென்று கயிற்றை இழுத்தாள்.
கிளை பிரிந்த இடத்தில் என் முகத்தைப் பார்க்கவில்லை,
புளூபெர்ரிப் புதருக்குள் இடதுபக்கம் திரும்பினாள்.
முப்பது நாற்பது எட்டு. ஒரு ஊற்று, மரத்தொட்டி, பெஞ்சு.
குடித்தாள். பெஞ்சின் முன் உட்கார்ந்து
அதன் வலது ஓரத்தைப் பார்த்துப் பாலாடைக்கட்டிக்குக் காத்திருந்தாள்.

நான் அவளுக்குப் பாலாடைக்கட்டி கொடுத்ததே இல்லை.
வயிற்றுக்கு ஆகாது.
"பரவாயில்லை" என்ற சொல்லுக்கு
அங்கேதான் பொருள் புரிந்தது.

ஆக, இன்கோல்ஃப் அந்தக் கோடியிலிருந்து வருகிறான்.
பத்தொன்பது வருஷம்
கார் போகாத இடத்துக்கு என்னோடு வராதவன்.

பையைக் கவிழ்த்தேன்.
பந்துக்கு அடியில், இத்தனை நாள் அழுக்குக் கட்டி என்று நான் விட்டுவைத்தது:
தட்டையான கறுப்புக் கல், வேறொரு ஆற்றில் வழுவழுத்தது.
தன் சட்டைப்பையை அவன் நம்ப மாட்டான், எல்லாவற்றையும் தொலைப்பவன்.
ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்
என் சமையலறையில்தான் அது தூங்கியிருக்கிறது.

கணக்குப் போட்டேன்.
நான் முக்கால் பங்கு. அவன், இதிலும், கால்.
பாதிச் சீட்டுக்காரி மட்டும்
முழுப் பாதையையும் முடித்துவிட்டுப்
பாலாடைக்கட்டி எங்கே என்கிறாள்.

கோபப்படலாமா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன்.
தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.
என் கூழாங்கல்லை அந்தக் கறுப்புக் கல்லின் பக்கத்தில் வைத்து
ஜிப்பை இழுத்தேன்.

ஞாயிறு, பின்வாசல்.
"இறுகலா?" என்றான்.
"பாலாடைக்கட்டி போடாதே" என்றேன்.
அவன் காதுமடல் சிவந்தது. கயிற்றை வாங்கிக்கொண்டான்.
பையில் இரண்டு கல் உரசும் சத்தம்
சுரங்கப்பாதைத் திருப்பம்வரை கேட்டது.
ஆறே கால் டிராம் என்னுடையது.
இரண்டு நிமிடம் தாமதமாக எடுத்தேன்.