மூடுகிற பிரிவு

நாற்காலி என் முழங்காலுக்கும் கீழே.
உட்கார்ந்தால் முட்டி காதைத் தொடுகிறது.
முதல் நாளே சொல்லிவிட்டாள் டில்டா, வயது நாலு:
"நீ மடக்கி வச்ச மேசை மாதிரி இருக்கே."

இருபத்தாறு வருஷம் லவுசிட்ஸ் சுரங்கத்தில்
பழுப்பு நிலக்கரிக்கு மேலிருந்த மண்ணை வாரினேன்.
என் இயந்திரத்தின் ஒரே ஒரு வாளியில்
இந்த அறைப் பிள்ளைகள் அத்தனை பேரும் நிற்கலாம்.
இப்போது கையில் பயறளவு பொத்தான்.
துளைக்குள் போக மாட்டேன் என்கிறது.
பொறுமை என்னிடம் இல்லை, ஃபீட்டேயிடம் இருக்கிறது:
கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறான்
பழுதுபார்க்க நிறுத்திய வண்டியாக.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அந்த அம்மா
கணினியிலிருந்து கண்ணெடுக்காமல் படித்தார்:
நோவாக், நாற்பத்தொன்பது.
லாரி ஓட்டலாம். காவலுக்குப் போகலாம்.
கூரைகளில் சூரியத்தகடு பொருத்தலாம்.
"குழந்தைகள் காப்பகம்" என்றேன்.
அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

கோட்புஸ் பயிற்சிப் பள்ளியில்
பக்கத்து இருக்கைக்காரிக்குப் பத்தொன்பது வயது.
அவள் பிறந்த வருஷம்தான் எனக்கு
முதுகில் முதல் ஊசி.
தேர்வில் கேள்வி: இரண்டு வயதுக் குழந்தை ஏன் கடிக்கிறது?
எழுதினேன்: சொல் இன்னும் வந்து சேரவில்லை,
பல் வந்துவிட்டது.
ஓரத்தில் சிவப்பு மை: ஆதாரம் எங்கே?
சட்டைக் கையை மடித்து
முழங்கையைக் காட்டலாமா என்று நினைத்தேன்.

மதியத் தூக்க அறை என் பொறுப்பு.
திரை இழுத்த இருட்டில் பதினோரு மூச்சுகள்.
முன்பெல்லாம் இரவு ஷிஃப்டில்
பேரிங் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்வேன்,
அலாரம் வாய் திறக்கும் முன்பே.
அதே காதுதான்.
என்னோவின் நெஞ்சில் சளி கரகரக்கிறது.
ஒருக்களித்துப் படுக்க வைக்கிறேன்.
பெருவிரலைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறான்,
ஒரு கையால் பதிவேடு எழுதுகிறேன்.
அங்கே எழுதியது டன் கணக்கு.
இங்கே: இன்று என்னோ கேரட்டைத் தொட்டான்.
சாப்பிடவில்லை. தொட்டான்.

எல்லாம் இப்படியே போகவில்லை.
ஒரு தாய் நிர்வாகியிடம் போய்ச் சொன்னாள்:
அந்த ஆள் என் மகளுக்கு டயபர் மாற்ற வேண்டாம்.
குற்றச்சாட்டு இல்லையாம். வெறும் வேண்டுகோளாம்.
சரி என்றேன். வேறென்ன சொல்ல?
அன்று அந்தக் குழந்தை நனைந்து அழுதபோது
வேறொரு கை ஓயும்வரை
கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.
நாலு நிமிஷம். சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன்.
"கோபமா?" என்றாள் வீட்டில் மார்லீஸ்.
உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே இருந்தேன்,
நிறுத்தத் தெரியாமல்.
இரண்டு நாள் அதைத்தான் தின்றோம்.

மார்ச்சில் பனி விட்டதும்
மணல்தொட்டியின் மூடியைக் கழற்றினோம்.
டில்டா தோண்டினாள்.
"இதுக்குக் கீழே என்ன?"
மணல்.
"அதுக்குக் கீழே?"
களிமண்.
"அதுக்கும் கீழே?"
கரி, என்றேன்.
"நீ பாத்தியா?"
பார்த்தேன். எடுத்துவிட்டோம். அங்கே இப்போது தண்ணீர்,
கோடையில் படகு விடுகிறார்கள்.
யோசித்தாள். மூக்கைத் துடைத்தாள், என் சட்டையில்.
பிறகு மஞ்சள் மண்வெட்டியை நீட்டினாள்:
"சரி. இப்ப மூடு."

இருபத்தாறு வருஷத்தில்
யாரும் என்னிடம் இதைச் சொன்னதில்லை.
மூடுவது வேறு பிரிவின் வேலை.
மண்டியிட்டேன்.
முட்டி இரண்டும் சத்தம் போட்டன.

"எண்ணெய் போடணும்"
என்றான் ஃபீட்டே,
வாளியைக் கொண்டுவந்து வைத்தபடி.