மணிக்கும் முதல் தடைக்கும் நடுவே

வேசர் ஆற்று அணைக்கு இந்தப் பக்கம்
எங்கள் மேய்ச்சல் நிலம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும்.
அந்தச் சாய்வில்தான் பழக்கினேன்.
சமதளம் வாடகைக்குக் கிடைக்கும்,
ஒரு மணி நேரத்துக்கு இருபத்தெட்டு யூரோ.

கம்பங்களுக்குச் சாயம் பூசியவன் ஹார்ம்.
படகுக்கு வாங்கி மிஞ்சிய பச்சை ஒரு டப்பா.
சிவப்பு பாதியில் தீர்ந்துபோனதால்
ஒரு கம்பம் மட்டும் அரைகுறையாக உடுத்தி நிற்கிறது.
அதை மட்டும் எல்ஸ்டர் ஒருநாளும் தட்டியதில்லை.

எல்ஸ்டர் என்பது
கறுப்பும் வெள்ளையுமான ஒரு திருட்டுப் பறவையின் பெயர்.
இவளுக்கும் அதே நிறம், அதே குணம்.
சட்டைப்பையிலிருந்து கேரட்டை உருவுவாள்,
கூடவே கைக்குட்டையையும்.

இரவில் பால் லாரி ஓட்டுகிறேன்.
ஐந்தரைக்கு வந்ததும் ரப்பர் பூட்ஸோடு
தூரம் அளப்பேன்:
இறங்க இரண்டடி, எழும்ப இரண்டடி,
நடுவில் என் நாலடி சேர்ந்தால் அவளுக்கு ஒரு பாய்ச்சல்.
வீட்டுக்குள்ளும் அப்படித்தான் நடக்கிறேனாம்.
அடுப்புக்கும் மேசைக்கும் ஒன்றரைப் பாய்ச்சல்.
ஆகாத தூரம்.

பிப்ரவரி முழுக்கக் கம்பங்கள் தரையிலேயே கிடந்தன.
குதிப்பது பிறகு.
முதலில் ஒரு மூலையை
அவசரமில்லாமல் திரும்பத் தெரிய வேண்டும்.
எனக்கும்தான்.

ஏப்ரலில் பயங்களை வீட்டுக்கு அழைத்துவந்தேன்.
தண்ணீர் என்று நம்பச்சொல்லி ஒரு நீலத் தார்ப்பாய்.
விரித்த குடை. காற்றடிக்கும் நாளாகப் பார்த்து
கொடியில் எங்கள் படுக்கை விரிப்புகள்.
வானொலியில் கால்பந்து வைத்தேன்;
கோல் விழும்போதெல்லாம் காதைத் திருப்பினாள்,
மூன்றாம் வாரம் அதையும் விட்டுவிட்டாள்.
பக்கத்துப் பண்ணை ஓனோ
வேலியோரம் டிராக்டரை வேண்டுமென்றே உறுமவிட்டான்,
கூலி ஒரு பீர்.

மே மாதம். போட்டி. எண் நாற்பத்தொன்று.
குடைகளைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள்.
ஒலிபெருக்கி எங்கள் பெயரைத் தப்பாகச் சொன்னது,
அதற்கும் அசையவில்லை.
மணி அடித்தது.

இருநூறு பேர் ஒரே நொடியில் வாயை மூடினார்கள்.
எனக்காக, மரியாதையாக.

எங்கள் நிலத்தில் அப்படியொரு அமைதி இருந்ததே இல்லை.
அணைக்கு அப்பால் காற்றாலைகள்
இரவும் பகலும் முனகிக்கொண்டே இருக்கும்.

தொடக்கக் கோட்டுக்கு முன்பே நின்றுவிட்டாள்.
தடையை அவள் பார்க்கவே இல்லை.
எல்லாரும் எங்கே போய்விட்டார்கள் என்று
கழுத்தை உயர்த்திக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தைந்து வினாடி தருவார்கள்.
முப்பது போயிற்று.
குதிகால் சொன்னது கேட்கவில்லை, கடிவாளம் சொன்னதும்.
அப்புறம் என் தொண்டைக்குள்ளிருந்து
ஓனோவின் டிராக்டர் கிளம்பியது.
முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
அந்தச் சிரிப்பின் மேல் ஏறிக்கொண்டு அவள் புறப்பட்டாள்.

ஒரு கம்பம் விழுந்தது, கடைசிக்கு முந்தையது,
முழுதாக உடுத்தியிருந்த வெள்ளை.
நான்கு புள்ளி போயிற்று. ரிப்பன் இல்லை.

இன்று சாயங்காலம் காற்று விழுந்துவிட்டது.
காற்றாலைகள் கைகளை அப்படியே விட்டு நிற்கின்றன.
வானொலியை அணைத்துவிட்டு
வயல் நடுவே அவளோடு நிற்கிறேன்.
ஹார்ம் வேலிக்கு வந்து
என்ன, இன்றைக்குப் பயிற்சி இல்லையா என்கிறான்.

உதட்டில் விரல் வைத்தேன்.
அவள் ஒரு காதை மட்டும்
அவன் பக்கம் திருப்பினாள்.