பதினான்கு விநாடி

இருபத்தாறு அத்தியாயங்களை
இரண்டு மணி நேரமாக நறுக்கும்போது
முதலில் போவது மழைதான்.

நெரிமாவில், ரயில் பாலத்தை ஒட்டிய மூன்றாம் மாடியில்
ஹிசானோ வரைந்த மழை.
நூடுல்ஸ் கடை வாசலில் உலோகக் கைக்காரி நிற்பாள்.
கை நனைவது அவளுக்குத் தெரியாது,
குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.
பதினான்கு விநாடி. கதைக்கு வேண்டாதது.

படத்தில்
துப்பாக்கிகள் ஒன்றுவிடாமல் வந்து சேர்ந்திருந்தன.
பெரிய திரையில் நகரம் இன்னும் அழகாக எரிந்தது.
நான் மனுஷிதானா என்று அவள் கேட்டாள்,
அதற்குள் ஹெலிகாப்டர் வந்துவிட்டது.

கடைசியில் ஓடிய பெயர்களில்
ஹிசானோவும் இருந்தாள்,
ஒரு கோடு குறைந்த எழுத்தில்.

வெளியே தச்சிகாவாவில் தூறல்.
குடையை விரிக்காமல்
சாலையோரம் உள்ளங்கையை நீட்டி
எண்ணத் தொடங்கினாள்.

பன்னிரண்டில்
பச்சை விழுந்துவிட்டது.