எண்ணூற்று எண்பத்தெட்டு

ஒரு விளக்கு. அவ்வளவுதான் கேட்டேன்.
மிளகளவு சிவப்பு எல்இடி,
நானூற்று எழுபது ஓம் தடை ஒன்று,
டிராம் பணிமனை ஏலத்தில் எடுத்த கணினி.
அதன் முதுகில் இருபத்தைந்து துளைகள்.
இரண்டாவதில் ஒரு கால், கடைசியில் மறு கால்,
முதல்முறை பனிச்சறுக்கப் போனவள் மாதிரி
அகட்டி நிற்கிறது விளக்கு.

துளையின் விலாசம் எண்ணூற்று எண்பத்தெட்டு.
அங்கே ஒன்று என்று எழுதினால் எரியும்.
எழுதினேன்.

நீ என் நிரலைக் கொன்றாய்.
ஏனென்று கேட்டால் ஒரே வரி:
அத்துமீறல். பிணம் கோப்பில் சேமிக்கப்பட்டது.

என் மேசை. என் மின்கட்டணம்.
விரல்நுனியில் இன்னும் ஆறாத பற்றவைப்புச் சூடு.
அத்துமீறியவள் நான்!

மிஷ்கோல்ட்ஸில் ஜனவரி. அவாஷ் குன்றின்மேல்
ஏழாம் மாடி. ரேடியேட்டர் இருமுகிறது.
ஜொம்போர் மருத்துவமனை சர்வர்களுக்குக் காவல்,
அதனால் உன் கட்சி.
பொகாச்சாவைக் கடித்தபடி சொல்கிறான்:
"இந்தப் பெட்டிக்குள் இப்போது
நூற்றுத் தொண்ணூறு பேர் குடியிருக்கிறார்கள்.
ஆளாளுக்குச் சுவரில் ஆணியடித்தால்?"

தெரியும் ஐயா.
பதினாறு வயதில், விலாசத்தில் ஓர் இலக்கம் பிசகி,
அண்ணனின் ஆய்வேட்டில் நாற்பது பக்கத்தை
ஒன்றுமில்லாமல் ஆக்கியவள் நான்.
ஈஸ்டர் வரை அவன் முகம்கொடுத்துப் பேசவில்லை.
அன்று என்னைத் தடுக்க யாருமில்லை.
வட்டு என்பது சுழல்கிற ஒரு பொருள்,
அதற்கு வலிக்கும் என்று
தெரிந்துகொண்டதும் அன்றுதான்.

சரி, முறைப்படியே கேட்போம்.
சூப்பர் யூசராக வேடம் கட்டி,
கடவுச்சொல் தந்து,
இந்த ஒரு துளை, இந்த ஒரு நிரல்,
தயவுசெய்து, என்று மனுப் போட்டேன்.
சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி
இல்லை, இந்தப் பூசாரி கொடுத்துவிட்டான்.
விளக்கு எரிந்தது. ஜொம்போர் கைதட்டினான்.
எனக்கோ
கையுறையோடு குதிரையைத் தடவிய மாதிரி இருந்தது.

அவன் கடைசி டிராமுக்கு ஓடியபின்
உன்னை எழுப்பாமல் இயந்திரத்தை மட்டும் எழுப்பினேன்.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்டில்
என்னுடையது எட்டே எட்டு:
விலாசத்தை எடு. ஒன்றை எடு. எழுது. இங்கேயே நில்.
மிச்சமெல்லாம் பூஜ்யம்;
கடைசி இரண்டு மட்டும்
இயந்திரம் என்னை நம்புவதற்கான முத்திரை.

சாளரம் இல்லை. சுட்டி இல்லை.
திரையின் இடது மூலையில் ஒரு கோடு துடித்தது,
விசிறி சுற்றியது.
நூற்றுத் தொண்ணூறு பேரில் ஒருவரும் பிறக்கவில்லை.

எரிந்தது.

அதே சிவப்பு, அதே துளை.
என்ன வித்தியாசம் என்று ஜொம்போர் கேட்டிருப்பான்,
எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.
குளிர் ஜன்னலில் அதன் பிம்பம்;
கீழே ஊர் முழுக்க விளக்குகள்.
இது ஒன்று எப்படி எரிகிறது என்று எனக்குத் தெரியும்,
அடிமுதல் நுனிவரை.

பிறகு நிறுத்த நினைத்தேன்.
எஸ்கேப். என்டர். ஒன்றுமில்லை.
விளையாட்டாக என் பெயரைத் தட்டினேன்.
பின்னும் ஒருமுறை. அடுத்த முறை பாதியில்
பீப் என்றது:
எழுத்துகள் வாசலில் நிரம்பிவிட்டன,
உள்ளே எடுத்துவைக்க ஆளில்லை.
இங்கேயே நில் என்றவள் நான்.
போதும் என்பதற்கு
ஒரு பைட்டும் எழுதி வைக்கவில்லை.

பொத்தானை நான்கு விநாடி அழுத்திப் பிடித்தேன்.
அதற்கு யாரும் அனுமதி கேட்கவில்லை.

காலையில் எரிவாயுக் கட்டணம் கட்ட
உன்னை எழுப்பினேன்.
வருக, பிரோஷ்கா, என்றாய். கடவுச்சொல் கேட்டாய்.
எதையோ தேடுகிறவள்போல
உன் பதிவேட்டைப் புரட்டினேன்.
பன்னிரண்டு ஐந்துக்கு அணைந்திருக்கிறாய்,
ஏழு பத்துக்கு விழித்திருக்கிறாய்.
நடுவில் ஒரு வரியும் இல்லை.