எதையாவது ஒன்றை

காலை ஆறு பத்துக்கு ஹில்யே கணினியை எழுப்பினாள்.
கண்ணாடிக்கு வெளியே குயிவாஸ்து துறை,
பனிக்கட்டியை உடைத்துப் போட்ட கருப்பு வழி,
முதல் படகு இன்னும் வரவில்லை.

உலாவி திறந்தது. உலாவவில்லை.
மேலே முப்பத்தொன்பது தாவல்கள்,
கதவு திறக்கக் காத்திருக்கும் கூட்டம்போல
தோளோடு தோள் நசுங்கி,
பெயரில் முதல் எழுத்தும் ஒரு பொட்டுப் படமும் மட்டும் மிஞ்சி.
எதைத் தொட்டாலும் அதே பக்கம்:
நேற்றைய காற்று.
நொடிக்குப் பதினேழு மீட்டர் என்று
அது சாதித்துக்கொண்டிருந்தது,
வெளியே கொடி
கம்பத்தோடு ஒட்டித் தொங்கியபோதும்.

கூட்டல் குறியை அழுத்தினாள். பிறக்கவில்லை.
பெருக்கல் குறியை அழுத்தினாள். சாகவில்லை.

முன்பதிவு இடமிருந்து நான்காவது,
கண்ணை மூடிக்கொண்டே காட்டுவாள்.
பால் வண்டிக்காரன் கல்யு ஜன்னலைத் தட்டினான்.
ஒரு விரலைக் காட்டினாள்.
கொஞ்ச நேரத்தில் இரண்டாவது விரல்.

தாலினில் பிரீடு தொலைபேசியை எடுத்தான்.
குரலிலேயே வாய் நிறைய ரொட்டி.
"மூடித் திறந்தீர்களா?"
"திறந்தேன்."
"கணினியையா, உலாவியையா?"
"இரண்டையும். பிறகு ஜன்னலையும்."
அவன் சிரிக்கவில்லை.
இந்த வாரம் இதை அவனிடம்
எத்தனை பேர் சொன்னார்களோ.

சேமிப்பைத் துடைக்கச் சொன்னான்.
உள்நுழைந்த இடங்களெல்லாம் அவளை மறந்தன,
காற்று மட்டும் மறக்கவில்லை.
புதுப் பதிப்பு உண்டா என்று பார்க்கச் சொன்னான்.
இதுதான் புதியது என்றது, கொஞ்சம் கர்வத்தோடு.

"அப்படியானால் நீட்சிகள்தான்.
ஒவ்வொன்றாய் அணைத்து, மூடி, திறந்து, தாவிப் பாருங்கள்."

பிழை திருத்துவதை அணைத்தாள். தாவவில்லை.
விளம்பரம் மறைப்பதை அணைத்தாள்.
காற்றுக்குப் பக்கத்தில் குளிர்கால டயர்கள் முளைத்தன.
தாவவில்லை.
இருட்டாக்குவதை அணைத்தாள்.
திரை வெளுத்து முகத்தில் அறைந்தது,
அறைக்குள்ளும் பனி.
நான்காவது, அக்டோபரில்
கணினி தவழ்ந்தபோது யாரோ போட்டது:
பத்து நிமிடம் பார்க்காத தாவலைத் தூங்கவைப்பது.
தூங்கவைக்க அதற்குத் தெரிந்திருந்தது.
எழுப்பத்தான் மறந்துவிட்டது.

"யார் போட்டது?" என்றான் பிரீடு.
"தெரியாது."
அவள் சொன்ன வேகத்தில் அவனுக்குத் தெரிந்தது.

அணைத்தாள்.

முப்பத்தொன்பதும் ஒரே நேரத்தில் விழித்தன.
மேசைக்கடியில் விசிறி படகைப்போல உறுமியது.
எங்கிருந்தோ ஒரு அக்கார்டியன்,
இடது கை, மெதுவாக, மறுபடி என்று
ஒரு பெண்ணின் பொறுமையான குரல்.
கல்யு கண்ணாடிக்கு வெளியே பூட்ஸால் தாளம் தட்டினான்.
பாடுவது எது?
ஒவ்வொன்றாய்த் தாவினாள்:
பார்நுவில் ஓர் அறை, போன வசந்தத்து வாடகை.
பல் மருத்துவரின் காலி நேரங்கள், இப்போது காலியாய் இல்லை.
கொட்டகைக் கூரைக்குத் தகரம்,
எத்தனை சதுர மீட்டர் என்று இன்னும் கேட்கும் பெட்டி.
தாலின் அலுவலகத்து வேலைக்கு விண்ணப்பம்,
பிறந்த தேதிவரை நிரப்பியது,
உங்கள் அமர்வு காலாவதியானது.
அதற்கடுத்ததில் அக்கார்டியன்.
வாயைப் பொத்தினாள்.

கல்யுவுக்கு இரண்டாம் வரிசை.
சீட்டு இளஞ்சூடாக வந்தது.

"கடைசியாக ஒரு சோதனை" என்றான் பிரீடு.
"ஒரு தாவலை மூடிப் பாருங்கள்."
"எதை?"
"எதையாவது ஒன்றை. வேண்டாததை."

அம்புக்குறி இடமிருந்து வலம் போனது.
வலமிருந்து இடம் வந்தது.
அறைமேல் கொஞ்சம். தகரத்தின்மேல் கொஞ்சம்.
விண்ணப்பத்தின்மேல் நின்றபோது
நடுங்கியது சுட்டியாக இருக்கலாம்.
பிரீடு ரொட்டியை மென்று முடித்து
தண்ணீரும் குடித்துவிட்டான்.

கூட்டல் குறியை அழுத்தினாள்.
நாற்பதாவது வெறுமையாய்ப் பிறந்தது.
அதன் பெருக்கல் குறியை அழுத்தினாள்.

"இரண்டும் வேலை செய்கிறது" என்றாள்.