காலுறை கட்டாயம்

பெலீஸ் காட்டுக்குப் போகிறவர்களுக்கு
நான் தட்டச்சு செய்து தரும் பட்டியலில்
ஏழாவது வரி: காலுறை ஒரு ஜோடி, கட்டாயம்.
குகைக்குள் ஓடும் ஆற்றில் கழுத்தளவு நீந்தி
ஈரத்தோடு பாறைமேல் ஏறியதும்
காலணியைக் கழற்றிவிட வேண்டும்.
தரையெங்கும் மாயர்களின் பானைகள்,
சுண்ணாம்பு வழிந்து வழிந்து
தரையோடு தரையாய் ஒட்டிக்கொண்டவை.
கேமரா கூடாது.
யாரோ கைதவறவிட்டு
ஒரு மண்டையோடு ஓட்டையான பிறகு வந்த விதி.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம்.
மிஷன் வீதி மாடியில்
ஃபேனுக்கு நேர்கீழே உட்கார்ந்தபடி
பதினொரு பேரை அங்கே அனுப்பியிருக்கிறேன்.
என் பாஸ்போர்ட்டில் முத்திரை கிடையாது.

பன்னிரண்டாவது ஆள்
சொல்தா அந்துவான் தெய்வநாயகம்.
பிரெஞ்சுப் பென்ஷன், முழங்காலில் பிளேட்டு.
"செத்தா அங்கியே போட்டுடச் சொல்லு" என்று
இன்சூரன்ஸ் தாளில் கையெழுத்துப் போட்டவர்.
திரும்பி வந்ததும் முதல் வேலையாக
மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் மோசம் என்று சண்டை.
அப்புறம் குரலைத் தாழ்த்தி
ரசீதின் பின்பக்கம் வரைந்து காட்டினார்:
வயிறு பெருத்த ஒரு பானை,
வயிற்றில் எட்டணா அளவு ஓட்டை.
"உடைஞ்சதில்லம்மா. வேணும்னே போட்டது.
பானைக்குள்ள இருக்கிற உசுரு வெளிய போவணுமாம்."

நான் பாக்கித் தொகையைச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை
விசாப் பிரிவு ஜொஹரா பஸ்ஸில் வந்தாள்.
ஸ்கூட்டியில் தேவனாம்பட்டினம் போனோம்.
கெடிலம் கடலுக்குள் போகலாமா என்று தயங்கும் இடத்தில்
செயின்ட் டேவிட் கோட்டை.
முள்ளும் செங்கல்லும்தான் பாக்கி.
சுரங்கம் சிதம்பரம் வரைக்கும் போகிறது என்றார் டீக்கடைக்காரர்.
செஞ்சிக்கு என்று திருத்தினார்
டீ குடித்துக்கொண்டிருந்தவர்.
வேலிகாத்தானை விலக்கினால்
இடுப்பு உயரத்துக்கு ஒரு வாய்,
மஞ்சக்குப்பத்திலேயே பிறந்த நான்
இத்தனை வருஷம் குனிந்து பார்க்காதது.

செருப்பைக் கழற்றினேன்.
"கோயிலாடி இது? பாட்டில் சில்லு குத்தும்" என்றாள்.
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
கொஞ்சநேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு
அவளும் கழற்றினாள்,
திருடு போகுமென்று கையிலேயே வைத்துக்கொண்டாள்.

உள்ளே வௌவால் எச்சத்தின் காரம்.
பிளாஸ்டிக் நாற்காலியின் ஒரு கால்.
கரியால் எழுதிய இரண்டு பெயர்கள்,
அதில் ஒன்றைப் பிறகு யாரோ சுரண்டியிருந்தார்கள்.
சிதம்பரமும் இல்லை, செஞ்சியும் இல்லை.
பத்தொன்பதாவது தப்படியில்
மண் சரிந்து மூடிக்கிடந்தது.
"சார்ஜ் போவுது" என்று
ஜொஹரா போன் வெளிச்சத்தை அணைத்தாள்.

அப்போதுதான் இடது தோள் கனத்தது.

போன ஐப்பசி.
இதே ஆறு, கொஞ்சம் மேற்கே.
அப்பாவுக்கு நான் ஒருத்திதான்.
பொம்பளைப் பிள்ளை தூக்கலாமா என்று
நாலுபேர் முனகி முடிப்பதற்குள்
குடம் என் தோளில் இருந்தது.
சுற்றுக்கு ஒரு கொத்து,
மயானத்து ஆள் கத்தி முனையால்.
மூன்று ஓட்டை.
மூன்று நூல் தண்ணீர் முதுகில் இறங்கி
ஜாக்கெட்டெல்லாம் ஈரம்.
திரும்பாமல் போடு என்றார்கள். போட்டேன்.
திரும்பாமல் நட என்றார்கள்.
சத்தம் மட்டும் கேட்டது.
எத்தனை சில்லு, எங்கே சிதறியது,
எதுவும் தெரியாமலே
ஒரு வருஷம் போய்விட்டது.

"அழறியா?"
இல்லை என்றேன். இருட்டில் அது போதும்.

சில்வர் பீச் குழாயடியில் கால் கழுவும்போது
குதிகாலில் ஏதோ நெருடியது.
நகத்தால் நெம்பி எடுத்தேன்.
ஓடு, பழைய ஓடு என்று
ஒரு விநாடி நினைத்துவிட்டேன்.
பச்சைக் கண்ணாடி. பீர் பாட்டில்.
"சொன்னேன்ல" என்றாள் ஜொஹரா,
தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டிக்கொண்டே.

திங்கட்கிழமை பட்டியலைத் திறந்தேன்.
ஏழாவது வரியில் ஏதோ சேர்க்க வேண்டும்போல் இருந்தது.
வெகுநேரம் கர்சர் துடித்துக்கொண்டே நின்றது.
பருத்தி, என்று சேர்த்தேன்.
பருத்திக் காலுறை. நைலான் வழுக்கும்.