கரும்பலகையில் முதல் பெயர்

வால்பரைசோவின் மேட்டுத் தெருவில் எங்கள் சலவைக்கூடம்.
கீழே துறைமுகம், மேலே தகரக் கூரைகள்,
நடுவில் நாங்கள் ஒன்பது பேர்,
ஆறு ஓட்டல்களின் அழுக்கு.

முதலில் சுவரொட்டி வந்தது.
ஒரு பச்சை இலை, ஒரு துளி நீர்,
பூமி நம் வீடு என்று கொட்டை எழுத்தில்.
நிபால்தோ அதன்மேல் தொப்பியை மாட்டினான்.
ஆணி உறுதியாகத்தான் இருந்தது.

பிறகு கூட்டம்.
முதலாளி ஒஃபேலியா பாரியெந்தோஸ்
அரைமணி நேரம் தண்ணீரைப் பற்றிப் பேசினாள்,
மலையில் பனி குறைவதை, அணை வற்றுவதை.
வாசலில் அவள் வண்டி உறுமிக்கொண்டே நின்றது.
பேட்டரி பழசு, அணைத்தால் கிளம்பாது.
நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.
பார்த்திருந்தால் சிரித்திருப்போம்.

ஆகஸ்ட் குளிர். திங்கள் காலை
கதவைத் திறந்தால் உள்ளே கோடைக்காலம்.
சனிக்கிழமை கடைசியாகப் பூட்டியவர்
கொதிகலனை அணைக்கவில்லை.
முப்பத்தாறு மணி நேரம்,
ஒரு கைக்குட்டைகூட இல்லாமல்
தனக்குத்தானே கொதித்திருக்கிறது தண்ணீர்.
வில்னேர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.
ஹைத்தியிலிருந்து வந்து நாலு மாதம்;
எங்கே எது உடைந்தாலும்
முதலில் அவற்றைத்தான் பார்ப்பான்.

அவள் வந்தாள். குனிந்து மீட்டரைப் படித்தாள்.
விலை எழுதும் கரும்பலகையை
முழங்கையால் துடைத்து எழுதினாள்:
ஒஃபேலியா. கொதிகலன். முப்பத்தாறு மணி.
பெயர் மட்டும் கொஞ்சம் பெரிதாக.
பிறகு வெளியே போய் வண்டியை அணைத்தாள்.
மாலையில் நாலு பேர் தள்ளித்தான்
அது கிளம்பியது.

செவ்வாய், பலகையில் ஒன்றுமில்லை.
புதன், மறுபடி அவளே:
அவசரத்தில் அரை எந்திரம் துணி ஓட்டினேன்.
வெள்ளிக்கிழமை
நிபால்தோ சாக்கட்டியைக் கேட்டு வாங்கினான்.
நீராவிக் குழாய் ஒழுகுகிறது.
மூன்று வாரமாகத் தெரியும்.
இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று
அவள் கேட்கவில்லை.
எந்தக் குழாய், என்றாள்.
இருவரும் ஈரத் தரையில் படுத்து
ஒரே டார்ச்சை மாற்றி மாற்றிப் பிடித்தார்கள்.

என் முறையும் வந்தது.
யாஸ்னா. கறைக்குப் பயந்து
எல்லாப் போர்வையையும் இருமுறை துவைக்கிறேன்.
எங்கள் எதிரிலேயே போன் செய்தாள்:
இனி ஒரு தடவைதான், வேண்டியதை மட்டும் இன்னொரு தடவை.
மறுமுனையில் என்ன சொன்னார்களோ,
ஆறு ஓட்டல் ஐந்தானது.
அந்த மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை.
சம்பளம் குறையவில்லை என்பதை
சம்பளம் வந்த பிறகுதான் நம்பினேன்.
இதில் புனிதர்கள் யாருமில்லை.
அவளும் அந்த மாதம்
எல்லோர்மீதும் எரிந்து விழுந்தாள்.

குளிர் முடியும்போது ஒரு காலை
பலகையில் புதுக் கையெழுத்து,
பாதி ஸ்பானிஷ், எழுத்துப் பிழைகளோடு:
வில்னேர். கடைசி அலசல் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து
அடுத்த துவையலின் முதல் தண்ணீராக ஊற்றுகிறேன்.
பத்து நாளாக. யாரிடமும் கேட்கவில்லை.
மன்னிக்கவும்.

குற்றங்களின் பலகை என்று நினைத்து
அங்கே எழுதியிருக்கிறான்.

ஒஃபேலியா வெகுநேரம் அதன்முன் நின்றாள்.
பாராட்டவில்லை, கைதட்டச் சொல்லவில்லை.
மன்னிக்கவும் என்ற சொல்லை மட்டும்
விரலால் அழித்தாள்.
மத்தியானம் இன்னொரு பீப்பாய் வந்தது.

சுவரொட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது.
தொப்பிக்கு ஆணி வேண்டுமே.